சுமை தாங்கும் சைக்கிள்

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வழக்கமாக இந்த மேடையில் விடுதிச் சாம்பாரில் ஆரம்பித்து விடுதிச் சாம்பாரிலேயே முடிப்போம். இந்த முறை செயலாளர் எனக்கு வேறு வேலை கொடுத்துவிட்டார். நம் மாணவர் எட்டுப் பேர், அதில் மூன்று பேர் பெண்கள், மார்கழி விடுமுறையில் சைக்கிளில் மேட்டுப்பாளையம் போய், குன்னூர் ஏறி, ஊட்டியில் இரண்டு நாள் தங்கி, அதே வழியாக இறங்கி வரப்போகிறார்கள். மாற்றுத்துணி, கம்பளி, அடுப்பு, பாத்திரம், கூடாரம் எல்லாம் சைக்கிளிலேயே வரும். கூட வேன் கிடையாது. அதற்கு எட்டு சைக்கிள் வாங்கித் தரச் சொல்லிச் சங்கத்துக்கு மனு கொடுத்திருக்கிறார்கள். கூடவே ஒரு விலைப்பட்டியல். அதைப் பார்த்து அபிப்பிராயம் சொல்லு என்று என் கையில் கொடுத்தார்கள்.

பார்த்தேன். 21 கியர் இருக்கிறது. முன் ஃபோர்க்கில் ஸ்பிரிங் இருக்கிறது. இரண்டு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக் இருக்கிறது. ஆளுக்கு இருபது கிலோ சுமை ஏற்றப்போகிற வண்டியின் பட்டியலில் கேரியர் என்ற வார்த்தை மட்டும் இல்லை. அந்தச் சட்டத்தில் கேரியரை மாட்ட ஓட்டையும் இல்லை. கடைக்காரரைக் குறை சொல்லவில்லை, கேட்டதைக் கொடுத்திருக்கிறார். எதைக் கேட்க வேண்டும் என்பதைத்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன்.

சைக்கிளில் சுமை என்றால் நம் கொங்குச் சீமைக்குப் புதிதா? பால்காரர் கேரியருக்கு இருபுறமும் இருபது லிட்டர் கேன் தொங்கவிட்டுச் சொசைட்டிக்குப் போவார். சென்னிமலையில் போர்வைக் கட்டு, பவானியில் ஜமக்காளம், திருப்பூரில் வெட்டின பனியன் துணி மூட்டை எல்லாம் சைக்கிளில்தான் தெருத்தெருவாகப் போயின. சிறுவாணித் தண்ணீர் வாராத தெருக்களில் கேரியர் மேலே ஒரு இரும்புக் கம்பிச் சட்டம் வளைத்து மாட்டி, பக்கத்துக்கு இரண்டாக நாலு பிளாஸ்டிக் குடம் தொங்கவிட்டுக் கொண்டு வருவார்கள். குடத்துக்குப் பதினைந்து லிட்டர் என்றால் அறுபது கிலோ. ராத்திரியில் டிரம்மில் டீ கொண்டு வருகிற அண்ணனை விடுதிக்காரர் எல்லோருக்கும் தெரியும். இவர்கள் யாரும் எந்தப் புத்தகமும் படிக்கவில்லை. ஆனால் வெளிநாட்டுச் சைக்கிள் பயணிகள் இன்றைக்குப் "பானியர்" என்று பெயர் வைத்துப் பெரிய விலைக்கு வாங்குகிற பை இருக்கிறதே, அதன் தத்துவம் அந்தத் தண்ணீர்க் குடம்தான். பாரம் சக்கரத்தின் இரண்டு பக்கமும், தாழ்வாக, சமமாக இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஏன் தாழ்வாக என்பதை இங்கே இருக்கிற மெக்கானிக்கல்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஏன் பின்னால் தள்ளி வைக்கக் கூடாது என்பதை மட்டும் ஒரு சின்னக் கணக்கில் சொல்கிறேன். பெரிய சைக்கிளில் இரண்டு அச்சுக்கும் நடுவே ஏறக்குறைய 115 சென்டிமீட்டர். இருபது கிலோ மூட்டையைக் கேரியரின் கடைசியில், பின் அச்சுக்கு இருபது சென்டிமீட்டர் பின்னால் கட்டினால், அது முன் சக்கரத்தின் மேல் இருக்கிற பாரத்தில் மூன்றரைக் கிலோவைத் தூக்கிவிடுகிறது. அந்த மூன்றரையும் மூட்டையின் இருபதும் சேர்ந்து பின் சக்கரத்தில் இறங்குகிறது. கைப்பிடி லேசாகிவிடும். சமதளத்தில் அது தெரியாது. மலை இறக்கத்தில் முப்பது கிலோமீட்டர் வேகம் வந்ததும் கைப்பிடி தானாக ஆட ஆரம்பிக்கும். அந்த ஆட்டத்தைக் கையால் இறுக்கிப் பிடித்தால் இன்னும் அதிகமாகும். இரண்டு முழங்காலாலும் பாரை அணைத்துப் பிடித்து, மெதுவாக வேகத்தைக் குறைக்க வேண்டும். அப்படி ஒரு நிலைமை வராமல் செய்ய, சுமையில் மூன்றில் ஒரு பங்கையாவது முன்னால் கொண்டுவாருங்கள். முன் அச்சின் இருபுறமும் தாழ்வாக இரண்டு சின்னப் பை. கனமான சாமான், அதாவது அடுப்பு, பாத்திரம், தண்ணீர், ஸ்பேனர், பைகளின் அடியில். கம்பளியும் துணியும் மேலே. கூடாரத்தைப் பின் அச்சுக்கு நேர் மேலே, சீட்டுக்கு ஒட்டின மாதிரி கட்டுங்கள்.

சட்டத்துக்கு நடுவில் இருக்கிற முக்கோணத்தை மறந்துவிடாதீர்கள். வியட்நாமில் 1954-ல் தியன் பியன் பூ சண்டைக்குச் சாமான் போனது சைக்கிளில்தான். பிரெஞ்சுப் பேஜோ சைக்கிளின் சட்டத்தில் மூங்கிலும் இரும்பும் வைத்துக் கட்டி, இருநூறு கிலோவுக்கு மேல் ஏற்றி, கைப்பிடியில் ஒரு நீளக் கம்பைக் கட்டித் தள்ளிக்கொண்டே காட்டு வழியில் போனார்கள். ஜார்க்கண்டில் நிலக்கரி மூட்டைகளை அதே மாதிரி சைக்கிளில் ஏற்றித் தள்ளிக்கொண்டு போகிற ஏழைத் தொழிலாளிகளைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். அங்கேயும் மூட்டை முதலில் போவது அந்த முக்கோணத்துக்குள்தான்.

பார் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991, 92-ல் அறிவொளி இயக்கம் நடந்தபோது கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஜென்ட்ஸ் சைக்கிளை எடுத்தார்கள். பிறகு பலர் அதையே விரும்பவும் செய்தார்கள். பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம், கேரியரில் தண்ணீர்க் குடத்தை வைக்கலாம் என்று காரணம் சொன்னார்கள். வண்டியைத் தேர்ந்தெடுக்க இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

இனி வண்டிக்கு வருவோம்.

சட்டம் இரும்பாக இருக்கட்டும். எஃகு என்று சொல்ல வேண்டும், ஆனால் கடையில் போய் எஃகு என்றால் சிரிப்பார்கள். அலுமினியம் மட்டம் என்று நான் சொல்லவில்லை. லேசானது, துருப்பிடிக்காது, நன்றாகவே ஓடுகிறது. ஆனால் பயணத்தில் சட்டம் விரிசல் விட்டால், அன்னூரிலோ காரமடையிலோ கேஸ் வெல்டிங் வைத்திருப்பவர் அரை மணி நேரத்தில் இரும்பைப் பற்றவைத்துக் கொடுப்பார். அலுமினியத்தை அவரிடம் நீட்டினால் கையை விரிப்பார். ஜெர்மனிக்காரர் ஹைன்ஸ் ஸ்டூக்கே 1962-ல் மூன்று கியர் இரும்புச் சைக்கிளில் கிளம்பினார். ஐம்பது வருஷத்தில் ஆறு லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்டினார். பெரும்பகுதி தூரம் அதே வண்டி. சட்டம் பல தடவை ஒடிந்தது. ஒடிந்த ஊரிலேயே பற்றவைத்துக்கொண்டு போனார். அதற்கும் முன்னால், 1923-ல் பம்பாயிலிருந்து புறப்பட்ட பார்சி இளைஞர்களில் மூன்று பேர் உலகத்தைச் சுற்றி 1928-ல் ஊர் திரும்பினார்கள். அவர்கள் ஓட்டினதும் இரும்புதான்.

நம் ஊர் இரும்புச் சைக்கிளுக்கு இன்னொரு குணம் உண்டு. அம்பத்தூரில் 1949-ல் டி.ஐ. சைக்கிள்ஸ், சோனிபட்டில் 1951-ல் அட்லஸ், லூதியானாவில் 1956-ல் ஹீரோ என்று கம்பெனிகள் வந்தன. எல்லாம் பழைய இங்கிலீஷ் ரோட்ஸ்டர் மாதிரியைத்தான் செய்தன. அதனால் ஒன்றின் அச்சு மற்றதில் ஏறும். ஒன்றின் கப்பு மற்றதில் உட்காரும். அட்லஸின் கடைசி ஆலை 2020 ஜூன் 3-ஆம் தேதி, உலக சைக்கிள் தினத்தன்றே, மூடப்பட்டது. ஆனாலும் அட்லஸ் வைத்திருக்கிற விவசாயி சாமானுக்காக அலைவதில்லை. நம் தம்பிகளின் பட்டியலில் இருக்கிற வண்டிக்கு அந்தக் கம்பெனி மாடலை நிறுத்தினால் கியர் தொங்குகிற கொக்கிகூட வேறெங்கும் கிடைக்காது.

ஆகவே ஒவ்வொரு சாமானையும் வாங்கும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இது சந்தை கூடுகிற ஊரில் கிடைக்குமா? டயரிலிருந்து ஆரம்பியுங்கள். இதில்தான் படித்தவர்களே ஏமாறுகிறார்கள். 26 இன்ச் என்று எழுதின டயர் எல்லாம் ஒன்றல்ல. 26 × 1 3/8 என்பது பழைய சாதா சைக்கிள் அளவு. ரிம்மில் டயர் உட்காருகிற விட்டம் 590 மில்லிமீட்டர். 26 × 1.95 என்பது எம்.டி.பி. அளவு, அது 559. ஒன்றை மற்றதில் மாட்ட முடியாது. 28-லும் அதே கதை. நம் பெரிய சைக்கிளின் 28 × 1 1/2 என்பது 635. வெளிநாட்டு 28 என்பது பெரும்பாலும் 622. டயரின் பக்கவாட்டில் அந்த மூன்று இலக்க எண் அச்சாகியிருக்கும். அதைப் பார்த்து வாங்குங்கள். இந்தப் பயணத்துக்கு 559 என்பது என் சிபாரிசு. தடிமனான டயர் கிடைக்கும், சின்னச் சக்கரம் பெரியதைவிட உறுதி, ஆவாரம்பாளையத்திலும் கிடைக்கும், குன்னூரிலும் கிடைக்கும்.

சக்கரம் என்றதும் கொஞ்சம் நின்று பேச வேண்டும். சுமை வண்டியில் முதலில் சாவது பின் சக்கரத்துப் போக்ஸ் கம்பி. நம் பெரிய சைக்கிளில் முன்னால் 32 கம்பி, பின்னால் 40 கம்பி. ஆள் பாரமும் சுமை பாரமும் பின்னால்தான் அதிகம் என்று தெரிந்து அன்றைக்கே அப்படி வைத்தார்கள். இன்றைய பளபள வண்டிகளில் பின்னாலும் 32, சிலவற்றில் 28. கம்பி ஏன் ஒடிகிறது? பாரம் அதிகமாகி இழுத்து அறுகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். சக்கரம் சுற்றும்போது தரைக்கு நேராக வருகிற கம்பியின் இழுவிசை குறைகிறது. மேலே போனதும் பழையபடி ஏறுகிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை இப்படித் தளர்ந்து இறுகுகிறது. கோவையிலிருந்து ஊட்டி போவதற்குள் நாற்பதாயிரம் தடவை. தகரத்தை மடக்கி மடக்கி ஒடிப்போமே, அந்தக் களைப்புதான். அது ஹப்பின் ஓட்டையில் கம்பி வளைகிற முழங்கை இடத்தில் வந்து சேர்கிறது. அமெரிக்க எஞ்சினியர் ஜாப்ஸ்ட் பிராண்ட் 1981-ல் சைக்கிள் சக்கரத்துக்காகவே ஒரு புத்தகம் எழுதி இதை விளக்கினார்.

இதற்கு வைத்தியம் தடித்த கம்பி போடுவது மட்டுமல்ல. எல்லாக் கம்பியும் நன்றாக, ஒரே அளவு இறுக்கமாக இருக்க வேண்டும். தொய்வான கம்பிதான் முதலில் போகும். நல்ல மெக்கானிக் கோட்டம் எடுத்து முடித்ததும் கம்பிகளை விரலால் சுண்டி ஓசை கேட்பார். தம்பூராவுக்குச் சுருதி சேர்க்கிற மாதிரி. பிறகு இரண்டிரண்டு கம்பியாகச் சேர்த்துக் கையால் அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். முழங்கை ஹப்பில் நன்றாகப் படியும், மறுபடி கோட்டம் விழுவது குறையும். புதுச் சக்கரத்தை நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இன்னொரு முறை பார்த்துக்கொள்ள வேண்டும். பல கியர் சக்கரத்தில் வலது பக்கம் பற்சக்கரக் கொத்துக்கு இடம் விட வேண்டியிருப்பதால், வலதுபுறக் கம்பி இறுக்கமாகவும் இடதுபுறக் கம்பி தொய்வாகவும் இருக்கும். அதனால்தான் அவை சாதா சைக்கிள் சக்கரத்தைவிடச் சீக்கிரம் கெடுகின்றன. 36 கம்பிக்குக் குறையாமல் கேளுங்கள். 14 கேஜ் கம்பி, அதாவது இரண்டு மில்லிமீட்டர், போதும். ஒடிந்தால் மாற்ற நாலு கம்பியைச் சட்டத்தின் குழாயோடு சேர்த்து டேப் போட்டு ஒட்டிக்கொள்ளுங்கள்.

ஹப் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. மரை போட்டுத் திருகுகிற ஃப்ரீவீலில் ஏழு பல் சக்கரம் வைத்தால், வலதுபுறக் குண்டுகள் மிகவும் உள்ளே தள்ளிப் போய்விடும். அச்சின் நுனி ஆதாரமில்லாமல் நீண்டு நிற்கும். சுமையோடு குழியில் விழுந்தால் அச்சு வளையும், சில சமயம் ஒடியும். கேசட் ஹப்பில் குண்டு வெளி ஓரத்தில் இருப்பதால் இந்தத் தொல்லை இல்லை. பட்டியலில் எதிலாவது பணத்தைக் கூட்டுவதானால் இதில் கூட்டுங்கள். ஸ்பிரிங் ஃபோர்க்கை எடுத்துவிட்டு அந்தப் பணத்தை இங்கே போடலாம். அந்த ஃபோர்க்கில் முன் பை மாட்டவும் வழியில்லை.

கியர் எத்தனை என்று கேட்காதீர்கள். மிகக் குறைந்த கியர் எது என்று கேளுங்கள். ஆள் 60 கிலோ, வண்டி 18, சுமை 22; கூட்டினால் நூறு கிலோ. நூற்றுக்கு ஐந்து ஏற்றத்தில் மணிக்கு ஆறு கிலோமீட்டர் வேகம் என்றால் நிமிஷத்துக்கு நூறு மீட்டர். சாதா பெரிய சைக்கிளில் முன்னால் 44 பல், பின்னால் 18 என்று வைத்தால், பெடல் ஒரு சுற்றுக்கு வண்டி ஐந்தரை மீட்டர் ஓடும். அப்படியானால் நிமிஷத்துக்குப் பதினெட்டே சுற்று. அது மிதிப்பது இல்லை, ஒவ்வொரு மிதிக்கும் படியேறுவது. முழங்கால் ஒரு மணி நேரம் தாங்காது. ஃப்ரீவீலை மட்டும் 22 பல்லாக மாற்றினால் இருபத்திரண்டு சுற்று. கொஞ்சம் தேவலை. நம் ஊரில் பாரம் அடிக்கிறவர்கள் பெரிய ஃப்ரீவீல் கேட்டு வாங்குவது இதற்குத்தான். எம்.டி.பி.யில் முன்னால் 28, பின்னால் 28 என்றால் ஒரு சுற்றுக்கு இரண்டு மீட்டர் சொச்சம். நிமிஷத்துக்கு நாற்பத்தெட்டு சுற்று. பின்னால் 34 பல் கிடைத்தால் ஏறக்குறைய அறுபது. அறுபது சுற்றில் ஒருவர் நாள் முழுக்க ஏறலாம். ஆக முன்னால் 28, பின்னால் 34. மேல் கியர் எது இருந்தாலும் சரி, இறக்கத்தில் யாரும் மிதிக்கப்போவதில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் கெட்டால் வழியில் உட்கார வேண்டியிருக்கும், அவ்வளவுதான். இனிச் சொல்லப்போவது உயிர் சம்பந்தப்பட்டது. இங்கே உட்கார்ந்திருக்கிற பெற்றோர்களுக்காகவும் சொல்கிறேன்.

மேட்டுப்பாளையம் ரயில் நிலையம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 330 மீட்டர். குன்னூர் நிலையம் சுமார் 1,710. வித்தியாசம் 1,380 மீட்டர். நூறு கிலோ அவ்வளவு உயரம் இறங்கினால் அதில் அடங்கியிருக்கிற சக்தி பதின்மூன்றரை லட்சம் ஜூல். வீட்டுக் கணக்கில் சொன்னால், நாலு லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கிற சூடு. காற்றும் சாலையும் பாதியை எடுத்துக்கொண்டன என்று வைத்தாலும், மீதி இரண்டு லிட்டர் கொதிக்கிற சூடு உங்கள் பிரேக்கில்தான் இறங்க வேண்டும். ரிம் பிரேக் என்றால் ரிம்மில். ரிம் காய்ந்து போனால் உள்ளே டியூப் வெடிக்கும். வளைவில் முன் டியூப் வெடித்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

குரோம் முலாம் பூசின இரும்பு ரிம்மை இந்த மலைக்குக் கொண்டுபோகவே கூடாது. இரும்புச் சட்டத்துக்கு வக்காலத்து வாங்கின நானே சொல்கிறேன். காய்ந்திருக்கும்போது சுமாராகப் பிடிக்கும். நனைந்தால் பிரேக் கட்டை அதன்மேல் சோப்புப் போட்ட மாதிரி வழுக்கும். பெரிய சைக்கிளின் கம்பி பிரேக்கும் அப்படியே. பல்லடத்துச் சமதளத்துக்கு அது போதும்; பர்லியாறு வளைவுக்குப் போதாது. மார்கழி வெயில் காலம் என்று நினைக்காதீர்கள். அந்த மலையில் வடகிழக்குப் பருவமழையின் மிச்சமும் இருக்கும், பனியும் இருக்கும். ஆகவே ரிம் மட்டும் அலுமினியம். அதற்கு வி-பிரேக், நல்ல ரப்பர் கட்டை, புதுக் கேபிள். டிஸ்க் நல்ல பிரேக்தான், மழையில் இன்னும் நல்லது. ஆனால் மலிவு வண்டியில் வருகிற டிஸ்க் தகடு லாரியில் ஏற்றி இறக்கும்போதே வளைந்துவிடுகிறது. அதற்கான கட்டை வழியில் கிடைக்காது. வி-பிரேக் கட்டை எங்கும் கிடைக்கும், பைக்குள் நாலு ஜோடி வைத்தாலும் கனமில்லை.

இறங்கும்போது பிரேக்கை லேசாகப் பிடித்தபடியே வராதீர்கள். வேகம் கொஞ்சம் ஏறவிட்டு, வளைவுக்கு முன் இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பிடித்துக் குறைத்து, விட்டுவிடுங்கள். விட்ட நேரத்தில் ரிம் ஆறும். நாலைந்து கொண்டை ஊசிக்கு ஒரு முறை அகலமான இடமாகப் பார்த்து நில்லுங்கள். ரிம்மைக் கையால் தொட வேண்டாம். பாட்டிலிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சுர்ரென்றால் கால் மணி நேரம் உட்கார்ந்து கடலை சாப்பிடுங்கள். எட்டுப் பேரும் ஒட்டிக்கொண்டு வராமல் ஒருவருக்கொருவர் ஐம்பது மீட்டர் இடைவெளி விடுங்கள். எதிரே பஸ் ஏறி வந்தால் வளைவில் அது முழுச் சாலையையும் எடுத்துக்கொள்ளும்; காத்திருப்பவர் நீங்கள்தான்.

கேரியரைப் பற்றி இரண்டே வார்த்தை. பின் கேரியர் இரும்புக் கம்பியில், நாலு கால் உள்ளதாக, அச்சுக்குப் பக்கத்தில் போல்ட் போட்டு மாட்டுகிற மாதிரி செய்துகொள்ளுங்கள். வாங்க வேண்டியதில்லை, நம் கல்லூரி ஒர்க் ஷாப்பிலேயே வளைத்துப் பற்றவைக்கலாம், கணபதியில் எந்த லேத் பட்டறையிலும் செய்வார்கள். குறுக்கே ஒரு கம்பி வைத்து முக்கோணமாக்கினால்தான் பக்கவாட்டில் ஆடாது. நட்டுக்கு நைலான் வளையம் வைத்தது போடுங்கள், இல்லாவிட்டால் அதிர்ச்சியில் கழன்று எங்கே விழுந்தது என்று தெரியாது. பையின் கயிறோ பட்டையோ சக்கரத்துக்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பஞ்சர் ஒட்டுகிறவர் சக்கரத்தைக் கழற்றாமலே பக்கவாட்டில் டியூபை உருவி ஒட்டிவிடுவார்; அதற்கு இடது பக்கப் பையைச் சுலபமாகக் கழற்ற முடிய வேண்டும்.

காற்றைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆனி, ஆடியில் எப்படி அடிக்கும் என்பது உடுமலைப் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும். பல்லடத்திலிருந்து கோவைக்கு மேற்கே பார்த்து மூட்டையோடு மிதித்தவர் யாரும் அதை மறக்கமாட்டார். உங்கள் பயணம் மார்கழியில், வடக்கே பார்த்து. அதனால் விட்டுவிடுகிறேன்.

கடைசியாகச் சங்கத்துக்கு என் சிபாரிசு. எட்டுப் புது வண்டி வாங்க வேண்டியதில்லை. இந்த எட்டுப் பேரில் ஐந்து பேர் வீட்டில் பழைய இரும்பு எம்.டி.பி. தூசி படிந்து நிற்பதாக விசாரித்தபோது சொன்னார்கள். சட்டம் நேராக இருந்தால் போதும். ஓவராயில் பண்ணி, பால்ரஸ் குண்டு மாற்றி, 36 கம்பி அலுமினிய ரிம், கேசட் ஹப், வி-பிரேக், புது டயர், புதுச் செயின் போடலாம். மூன்று வண்டி மட்டும் வாங்கலாம், அதுவும் ஸ்பிரிங் இல்லாத ஃபோர்க்கோடு. மிச்சப்படுகிற பணத்தில் கோட்டம் எடுக்கத் தெரிந்த ஒரு பெரியவரை இரண்டு நாள் கல்லூரிக்கு அழைத்து, அவருக்கு உரிய கூலி கொடுத்து, எட்டுப் பேருக்கும் சக்கரம் கட்டக் கற்றுக்கொடுக்கச் சொல்லலாம். ஒரு காலத்தில் தெருவுக்கு ஒரு வாடகைச் சைக்கிள் கடை இருந்த ஊரில், இப்போது அந்தக் கை தெரிந்தவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. யாரைக் கேட்பது என்று எனக்குத் தெரியும், விலாசத்தைச் செயலாளரிடம் கொடுத்துவிட்டேன்.

எட்டுப் பேரும் நாளைக் காலை ஒன்பது மணிக்கு ஒர்க் ஷாப்புக்கு வாருங்கள், கண்ணுகளா. இருக்கிற வண்டியில், கொண்டுபோகப்போகிற சாமான் மொத்தத்தையும் கட்டிக்கொண்டு வர வேண்டும். ஆள் எடை பார்க்கிற மெஷின் இரண்டு கொண்டுவருகிறேன். முன் சக்கரம் ஒன்றின் மேல், பின் சக்கரம் ஒன்றின் மேல். நீங்கள் சீட்டில் ஏறி உட்கார்ந்ததும் இரண்டிலும் என்ன காட்டுகிறது என்று எழுதிவைத்துக்கொண்டு, மூட்டையை அவிழ்க்க ஆரம்பிப்போம்.